சந்திரபாபுவும் எங்க ஐயாவும் அந்த அழுகைப் பாட்டும்

போன மாதம் ஹாஸ்டலில் கரண்ட் போன ஒரு ராத்திரி, வழக்கம்போல ஒரு உருப்படாத விவாதம். தமிழில் ஆகச்சிறந்த காமெடியன் யார்? ரூமில் நாலு பேர். இரண்டு ஓட்டு வடிவேலுவுக்கு, ஒரு ஓட்டு கவுண்டமணிக்கு. நான் "சந்திரபாபு" என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருத்தன் கேட்டான், "யாருடா அது, ஆந்திராவுல சி.எம்.மா இருக்காரே, அவரா?"

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்த மனிதரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியே தீருவது என்று. எழுத உட்கார்ந்தால் அவரைவிட அதிகமாக எங்க ஐயாதான் வருகிறார். (எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். தாத்தா என்றால் அது அம்மா வழி.) அதனால் இது இரண்டு பேரையும் பற்றிய கட்டுரை. கூடவே என்னைப் பற்றியும் கொஞ்சம். அதுவும் நான் பெருமைப்பட முடியாத ஒரு விஷயம்.

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டா என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் தாண்டினால் எங்கள் ஊர், அதற்கப்புறம் மீமிசல். நேர் எதிரே பாக் நீரிணை, அந்தப் பக்கம் இலங்கை. ஐயா கடல் தொழில் பார்த்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் வீட்டில் என்ன கோமாளித்தனம் பண்ணினாலும், வலையில் சிக்கிய தேவையில்லாத மீனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்குப் பிடித்த ஒரே சினிமாக்காரர் ஒரு காமெடியன் என்பது சின்ன வயசில் எனக்குப் பெரிய புதிராக இருந்தது.

ஐயாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. உப்புக்காற்றில் ஏரியல் துருப்பிடித்து, அதற்குப் பதிலாக ஒரு செப்புக் கம்பி கட்டியிருப்பார். அவருடைய இளவட்டக் காலத்தில் எங்கள் கரையில் எல்லாருக்கும் ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். இதற்கு ஒரு காரணமும் உண்டு. 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் அநேகமாக நின்றே போயின. ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். 1957-ல் விவித் பாரதி ஆரம்பித்து நம் அரசாங்கம் சமாதானத்துக்கு வந்தது. ஆனால் அதற்குள் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க இலங்கை வானொலியின் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. கரையில் கேட்பதைவிட நடுக்கடலில் இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்பார் ஐயா. அப்படிக் கடலில் கேட்ட குரல்தான் சந்திரபாபு.

சந்திரபாபுவின் கதையே ஒரு கடற்கரைக் கதைதான். 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா ரோட்ரிக்ஸ், சுதந்திரப் போராட்டக்காரர். வெள்ளைக்கார அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டு, அப்புறம் நாடு கடத்தியது. குடும்பம் கொழும்புக்குப் போனது. பையன் படித்தது அங்கேதான். மேற்கத்திய இசை, நடனம், இங்கிலீஷ் பேச்சு எல்லாம் ஒட்டிக்கொண்டது கொழும்பில். 1940-களில் குடும்பம் சென்னைக்கு வந்தது. பையனுக்கு சினிமா பைத்தியம். 1947-ல் 'தன அமராவதி' என்ற படத்தில் தலை காட்டினார். அதற்கப்புறம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைச்சல், பட்டினி.

அந்த அலைச்சலில் நடந்த ஒரு சம்பவத்தை எம்.எஸ்.விஸ்வநாதன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எம்.எஸ்.வி. உதவியாளராக இருந்த சமயம். பாட வாய்ப்பு கேட்டு சந்திரபாபு வந்தார். பாடிக் காட்டினார். இந்த ஆளுக்குப் பாட வராது என்று அபிப்பிராயம் சொன்னவர் எம்.எஸ்.வி.யேதான்! அந்த எம்.எஸ்.வி.தான் பிறகு ராமமூர்த்தியோடு சேர்ந்து சந்திரபாபுவின் காலத்தால் அழியாத பாட்டுகளைப் போட்டார். நாயுடு மட்டும் என்ன, 1959-ல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு சந்திரபாபுவைப் பாட வைத்தார். அந்த டூயட்டை இன்றைக்கும் டீக்கடையில் போட்டால் பாதிப்பேர் கூடவே பாடுவார்கள்.

1952-ல் நடந்தது வேறு மாதிரி. வாய்ப்பு கிடைக்காத வேதனையில் ஜெமினி ஸ்டுடியோ வளாகத்திலேயே உயிரை விடப் பார்த்தார். காப்பாற்றி, கேஸ் போட்டு, கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதிபதி முன்னால் ஷேக்ஸ்பியர் வசனத்தை நடித்துக் காட்டினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். விடுதலை ஆனார். அதே ஜெமினி எஸ்.எஸ்.வாசன், 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார். இருபத்தைந்து வயசுப் பையன். என்னைவிட நாலைந்து வயசுதான் பெரியவன். யாராவது ஒருத்தர் உட்கார வைத்து "என்னப்பா பிரச்சினை?" என்று அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதற்கப்புறம் ஏறுமுகம். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரராக அவர் பேசும் மெட்ராஸ் பாஷையைக் கேட்டால் மனிதர் சிந்தாதிரிப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று சத்தியம் பண்ணுவீர்கள். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் பேசுகிற பாஷை அது. 1959-ல் ஏவி.எம்.மின் 'சகோதரி' படம் சப்பென்று இருந்ததால், சந்திரபாபுவைப் பால்காரராக நுழைத்துத் தனியாகக் காமெடி எடுத்துச் சேர்த்தார்கள். படம் பிழைத்துக்கொண்டது. ஒரு படத்துக்கு ஆக்சிஜன் கொடுக்கிற இடத்தில் இருந்தார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அவர் மற்றவர்கள் பின்னணி பாட வாயசைத்த காமெடியன் அல்ல. தன் பாட்டைத் தானே பாடினார். 1954-ல் 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்குப் பின்னணியே பாடியிருக்கிறார். தொண்டையை உடைத்து உடைத்து மேலே ஏற்றி இறக்குவாரே, அதற்கு யோடலிங் என்று பெயர். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் மாடு மேய்க்கிறவர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடுகிற முறை. நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்குச் சட்டென்று தாவ வேண்டும். தாவுகிற இடத்தில் விழுகிற அந்த உடைசல்தான் அழகு. மற்றப் பாடகர்கள் மறைக்கப் பார்க்கிற உடைசலை இவர் வேண்டுமென்றே காட்டினார்.

இன்னொன்று. பேச்சில் மெட்ராஸ் பாஷை பேசுகிறவர், பாட்டு என்று வந்துவிட்டால் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார். சில பாட்டுகளில் சேட்டை இருக்கும்தான். ஆனால் நின்று போன பாட்டுகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். 'புதையல்' (1957) படத்துப் பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'அன்னை' (1962) படங்களின் தத்துவப் பாட்டுகள் கண்ணதாசன் எழுதியவை. (பட்டுக்கோட்டை எங்களுக்கு வடக்கே, கண்ணதாசனின் சிறுகூடல்பட்டி மேற்கே. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். ஒரு கவிஞர்கூட வரவில்லை என்பது வேறு விஷயம். ஹி ஹி.) இதில் தத்துவப் பாட்டுகளைத் தனியாகக் கேட்டால் காமெடியன் பாடியது என்று சொல்லவே முடியாது. மனிதன் எப்போதெல்லாம் அழுகிறான், யாருக்குப் புத்தி இருக்கிறது, யாருக்கு வெற்றி கிடைக்கிறது என்று விசாரிக்கிற பாட்டுகள்.

உலகம் முழுக்கவே இப்படித்தானோ என்று ஒரு சந்தேகம் உண்டு எனக்கு. சார்லி சாப்ளின் தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். 1936-ல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு அவர் போட்ட ஒரு மெட்டுக்கு, 1954-ல் வேறு ஆட்கள் வார்த்தை எழுதினார்கள். அதுதான் நாட் கிங் கோல் பாடிய 'ஸ்மைல்'. 'லைம்லைட்' பட இசைக்கு 1973-ல் ஆஸ்கர் வாங்கினார். நம் விவேக்கும் பெரிய இசை ரசிகர். சிரிக்க வைப்பது தொழில் என்று ஆகிவிட்டால், சிரிக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லாத ஓர் இடம் வேண்டியிருக்கிறது போல. சந்திரபாபுவுக்குப் பாட்டுதான் அந்த இடம் என்று நான் நினைக்கிறேன்.

ஐயாவுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் பார்க்கக் கூட்டிப் போனார். எங்கள் மாவட்டத்தில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்க நாடகம்தான். முதலில் பபூன் வருவார். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், மிருதங்கக்காரரை வம்புக்கு இழுப்பார், டான்ஸ் ஆடுகிற அம்மாவோடு ஏட்டிக்குப் போட்டி பேசுவார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. ஐயா துண்டைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் பபூன் 'கவலை இல்லாத மனிதன்' படத்து அழுகைப் பாட்டை எடுத்தார். ஐயா எழுந்தார். இடுப்பிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து, மேடைக்குப் போய் பபூன் சட்டையில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஜோக்குக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அது அவன் தொழிலுடா. இது அவன் பாடுனது."

அவ்வளவுதான் சொன்னார். அப்போது புரியவில்லை. புரிந்ததற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்கிய விஷயம். ஹாஸ்டலில் நான்தான் காமெடியன். வார்டன் மாதிரிப் பேசுவேன், மெஸ் சாம்பாருக்கு இரங்கல் கூட்டம் நடத்துவேன். முதல் வருஷம் ஒரு கிரிக்கெட் மேட்சுக்காக லீவு கேட்டபோது, "தாத்தா தவறிட்டார்" என்று லெட்டர் எழுதிக் கொடுத்தேன். அதை நான் எழுதிய விதத்தை ரூமில் நடித்தே காட்டினேன். பயங்கரச் சிரிப்பு. அதிலிருந்து எங்கள் ரூமில் லீவுக்குப் பெயரே 'தாத்தா'. "இந்த வாரம் தாத்தாவா?" என்றால் ஊருக்குப் போகிறாயா என்று அர்த்தம்.

இரண்டாம் வருஷம் ஏப்ரல் கடைசி. ராத்திரி பத்து மணிக்கு அப்பா போன் பண்ணினார். "ஐயா போயிட்டாருடா, கெளம்பி வா." போனை வைத்துவிட்டு ரூமுக்குள் வந்தேன். "டேய், எங்க ஐயா செத்துட்டாருடா" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தன், "இது எத்தனாவது தாத்தாடா?" என்றான். இன்னொருத்தன் கை தட்டினான்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. என் மூஞ்சி அப்படி. ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்ததும், பழக்கதோஷம், என் வாயும் சிரித்துவிட்டது. ஐயா செத்த செய்தி வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டே பையில் துணியை எடுத்து வைத்தேன். நான் நிஜமாகவே பஸ் ஏறப் போகிறேன் என்று வாசல்வரை வந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஒருத்தன் ஒன்றும் பேசாமல் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான்.

புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். போனில் அந்த அழுகைப் பாட்டைப் போட்டேன். ஐயாவுக்குப் பிடித்தது என்பதால் மட்டும்தான். நூறு தடவை கேட்ட பாட்டு. அன்றைக்குக் கேட்கும்போது ஒன்று கவனித்தேன். அந்தப் பாட்டில் அவர் அழவில்லை. அழுகையைப் பற்றிப் பாடுகிறார், குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. 'நான் கஷ்டப்படுகிறேன், நம்புங்கள்' என்று யாரையும் கெஞ்சவில்லை. அவரை நம்பாதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். காமெடியன் அழுதால் அதுவும் காமெடி. அதனால் நம்பிக்கையே கேட்காமல், விஷயத்தை மட்டும் ஒரு மெட்டில் வைத்து நகர்ந்துவிட்டார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்து, ஒன்றுமே கேட்காமல் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

ஊரில் அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் போட்டும் கரையில் கட்டிக் கிடந்தது. அதனால் எல்லா ஆம்பளைகளும் ஊரில் இருந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் ஐயாவுக்கு. தொழில் நாளாக இருந்தால் பாதிப்பேர் கடலில் இருந்திருப்பார்கள். "ஆளு நேரம் பாத்துத்தான் போயிருக்காரு" என்று யாரோ சொல்ல, அப்பா அழுதுகொண்டே சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் மனசு ஆறியது.

சந்திரபாபுவின் கடைசிப் பகுதி எல்லாரும் சொல்வதுதான். 1958-ல் கல்யாணம், அது சீக்கிரமே முறிந்தது. கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' நஷ்டம். எம்.ஜி.ஆரை வைத்து ஆரம்பித்த 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1966-ல் தானே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' ஓடவில்லை. கடன், குடி. ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. தலைக்கனம் பிடித்தவர், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் என்ற புகார்களும் உண்டு. எல்லாவற்றையும் பொய் என்று தள்ள முடியாது. நம்ம ஆள் என்பதற்காக அவரைப் புனிதர் ஆக்க வேண்டியதில்லை. 1974 மார்ச் 8-ம் தேதி இறந்தபோது வயசு 46. அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டபடி, அடக்கத்துக்கு முன் உடலை எம்.எஸ்.வி. வீட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். பாட வராது என்று சொன்னவரின் வீடு! அவர் போக விரும்பிய கடைசி இடம் ஸ்டுடியோ இல்லை, பாட்டு இருந்த வீடு.

இந்த வருஷம் ஹாஸ்டல் டே வந்தது. வழக்கம்போல மிமிக்ரி பண்ணச் சொன்னார்கள். நான் அந்த அழுகைப் பாட்டைப் பாடுகிறேன் என்றேன். மேடை ஏறியதுமே சிரிக்க ஆரம்பித்தார்கள். பல்லவி முடிகிற வரைக்கும் சிரித்தார்கள், ஏதோ டுவிஸ்ட் வரும் என்று. சரணத்தில் கொஞ்சம் அடங்கியது. பின்னால் ஒருத்தன் மட்டும் தாளம் தட்டினான். யோடலிங் முயற்சி பண்ணிய இடத்தில் என் தொண்டை நிஜமாகவே உடைந்துவிட்டது. திரும்பச் சிரிப்பு. முடித்துவிட்டு இறங்கினேன்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நல்லாத்தான்டா பாடுன. நடுவுல ஒரு ஜோக் சொல்லியிருக்கலாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தாவுக்குப் புடிச்ச பாட்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பி.கு: ஐயாவின் டிரான்சிஸ்டர் இப்போது வேலை செய்வதில்லை. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் அம்மா அதைப் போட்டுவிடலாம் என்கிறார், அப்பத்தா விடுவதில்லை. தினம் காலையில் அதைத் துண்டால் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார். லீவு லெட்டரில் இப்போதெல்லாம் "சொந்த வேலை" என்று மட்டும்தான் எழுதுகிறேன்.